சீலிங்காரனின் வலது தோள்

பெயிண்ட் வேலையில் சீலிங் அடிக்கக் கூப்பிட்டால் யாரும் சந்தோஷமாகப் போவதில்லை. கழுத்து பின்னால் மடிந்து பிடித்துக்கொள்ளும், கண்ணில் சொட்டும், சாயங்காலம் தலை வாரக் கை மேலே போகாது. அதனால் எல்லாக் கோஷ்டியிலும் ஆளுக்கொரு சாக்கு தயாராக இருக்கும். ஒருவருக்குத் தலை சுற்றும், ஒருவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும், ஒருவருக்கு அன்றைக்கென்று பார்த்துக் கண் சிவந்துவிடும். இந்தக் கோஷ்டியில் மட்டும் அந்தத் தொல்லை கிடையாது. பதினோரு வருஷமாக எல்லா சீலிங்கையும் ஒரே ஆள் அடித்தான். கடைசியில் அவன் பெயரே சீலிங் என்று ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இதில் தியாகம் கியாகம் ஒன்றும் கிடையாது. சுத்தமான பேரம். மற்ற ஆறு பேரும் காலை ஏழு மணிக்கு வர வேண்டும், சீலிங் மட்டும் பத்து மணிக்கு வரலாம். யாருக்கும் வேண்டாத வேலையை அவன் எடுத்துக்கொண்டான், அதற்குப் பதிலாக யாருக்கும் கிடைக்காத மூன்று மணி நேரத்தை மேஸ்திரி கொடுத்தார். சம்பளமும் அந்த மூன்று மணி நேரத்துக்குக் குறைவுதான். அதைப் பற்றி அவன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அந்த மூன்று மணி நேரமும் அவன் கடலில் இருப்பான். ஏழரை அடிப் பலகை ஒன்றின்மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவான். நல்ல அலையாக ஒன்று வரும்வரை காத்துக் கிடப்பான். வந்ததும் எழுந்து நின்று அதன்மேல் சறுக்கிக்கொண்டு கரைப்பக்கம் வருவான். வந்ததும் திரும்ப உள்ளே போவான். இவ்வளவுதான் விஷயம். வேண்டுதல் வைத்தவன்கூட இவ்வளவு ஒழுங்காகப் போயிருக்க மாட்டான்.

இவன் ஒன்றும் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் இல்லை. நீச்சல் தெரியும், அதுவும் கிணற்று நீச்சல். இருபத்தேழு வயதில் இரண்டு வருஷம் சம்பாதித்துத் திரும்புவதாகச் சொல்லிவிட்டு இந்த நாட்டுக்கு வந்தான். வந்த புதிதில் கடலோரத்தில் பலகை வாடகைக்கு விடும் கடை ஒன்றுக்கு வெள்ளையடிக்கிற வேலை வந்தது. வேலை முடிந்ததும் கடைக்காரர் சந்தோஷத்தில் ஒரு பழைய பலகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதன் மூக்கு உடைந்திருந்தது. நம் ஆள் பெயிண்டர் அல்லவா, உடைந்த இடத்தில் சுவருக்குப் பூசும் பட்டியைப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் பெயிண்டும் அடித்துக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டான். தண்ணீரில் இறக்கிய கால் மணி நேரத்தில் பட்டி கரைந்து, பலகை சளி பிடித்த குழந்தை மாதிரி வெள்ளையாக மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கடைக்காரர் கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றைக்கு அவன் ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை. நாற்பது தடவை விழுந்தான். மறுநாள் போகாமல் இருக்க முடியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷக் கணக்கு காற்றில் போயிற்று. வேறொரு நாட்டில் இருந்த அண்ணன் ஒரு நாள் போன் பண்ணினார்.

“இங்க வந்துடுடா. இதே வேலைதான், ரெண்டு மடங்கு சம்பளம். ரூமும் குடுக்குறாங்க.”

“அங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்ணே?”

“கடலா? எதுக்கு, மீன் விக்கப் போறியா?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

“பஸ்ல போனா ஒரு ராத்திரி ஆகும்.”

“பாக்கலாம்ணே” என்றான். அண்ணனுக்குத் தம்பியின் ‘பாக்கலாம்’ நன்றாகத் தெரியும். போனை வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது அவன் எதையும் மறைக்கவில்லை. “காலையில கொஞ்ச நேரம் கடலுக்குப் போவேன்” என்று தெளிவாகச் சொன்னான். அந்தப் பெண் அதைக் காலாற நடந்துவிட்டு வருவதாக எடுத்துக்கொண்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்கிற மாப்பிள்ளை என்று அவள் வீட்டில் பெருமையாகக்கூடப் பேசிக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்து இந்த ஊர் அறைக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் மூலைக்கு மூலை சாய்ந்து கிடந்த பலகையைப் பார்த்தாள். டயர் கடைக்கு மேலே ஒரே அறை. பலகையை நேராக நிறுத்தினால் கூரை இடிக்கும், படுக்க வைத்தால் கதவு திறக்காது. பிரிட்ஜ் வைக்க வேண்டிய இடம் எட்டு வருஷமாக அந்தப் பலகைக்குத்தான்.

“மூணு பேர் குடும்பம்னு எழுதிக் குடுத்துடலாமா?” என்று அவள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் வாரத்துக்கு அரைத்து வைக்கவும் சரியாகப் போய்விடும். அதனால் எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் புருஷன் அலைமேல் நிற்பதைப் பார்த்ததில்லை. வாசலில் மணல் கொட்டுவதைத்தான் பார்த்தாள்.

அவனுக்கு எங்கே இருந்தாலும் இருப்புக்கொள்ளாது. அறையில் இருந்தால் ஜன்னலுக்குப் போவான். ஜன்னலில் நின்றால் எதிர் மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பான். கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்றடித்தால் அலை பதமாக எழும்பும், கடலிலிருந்து கரையைப் பார்த்து அடித்தால் நொறுங்கிவிடும். அந்த ஊரில் மதியத்துக்கு மேல் காற்று திரும்பிவிடும், ஆகவே காலைதான் அவனுக்குப் பொழுது. சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் வெளியே வந்து கொடிக் கம்பத்தைப் பார்ப்பான். சாப்பிடும்போது கால் ஆடிக்கொண்டே இருக்கும். “சாப்பிடுற நேரத்துலயாவது அந்தக் காலை இங்க வையுங்க” என்று அவள் திட்டினால் ஐந்து நிமிஷம் நிறுத்துவான். அப்புறம் இன்னொரு கால் ஆடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி மூன்று மாதத்துக்கு முன்பு கல்லில் ஏறியது. ஒரு பெரிய அலை அவனைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டபோது வலது தோளில் சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டான். பத்து நாள் ஆகியும் சட்டைக்குள் கை நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தோளுக்குள்ளே தசையை எலும்போடு கட்டியிருக்கும் நார் பாதி கிழிந்திருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். ஆறு மாதம் கை தலைக்கு மேலே போகக் கூடாது, கடலில் கையை வீசித் தண்ணீர் தள்ளவும் கூடாது. கேட்காமல் போனால் மீதியும் கிழிந்துவிடும், அப்புறம் கத்தி வைத்தாலும் பழைய தோள் கிடைக்காது. சீலிங், கடல் இரண்டில் ஒன்றையாவது உடனே நிறுத்தச் சொன்னார். அவர் நல்ல மனிதர், இரண்டையும் நிறுத்தத்தான் சொல்ல வந்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்து ஒன்று என்று குறைத்துக்கொண்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து யோசித்தான். மேஸ்திரியிடம் சொன்னால் சீலிங் போகும். சீலிங் போனால் பத்து மணி போகும். பத்து மணி போனால் கடல் போகும். வேலைக்கு ஏழு மணிக்கு நிற்க வேண்டுமென்றால் ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் கடலும் வானமும் ஒரே இருட்டு. ஞாயிறு மட்டும் போதாதா என்று கேட்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மூச்சு விட்டால் போதாதா என்று அவன் திருப்பிக் கேட்பான். ஆகவே யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சீலிங்கை இடது கையால் அடிப்பது, வலது கையில் மிச்சமிருக்கும் வலுவைக் கடலுக்கென்று பத்திரப்படுத்துவது என்று ஒரு திட்டம் போட்டான். திட்டம் போட்டபோது தன்னைப் போலப் புத்திசாலி உண்டா என்றுகூட நினைத்துக்கொண்டான்.

அப்போது கோஷ்டிக்கு முப்பத்தாறு வீடுகள் கொண்ட புதுக் கட்டடம் ஒன்றில் வேலை. நீளக் கம்பில் ரோலரை மாட்டி இடது கையால் தூக்கினான். முதல் நாள் கோணல் மாணலாக வந்தது, இரண்டாம் நாள் தேவலை, நாலாம் நாள் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் வேறு அறைகளில் இருப்பார்கள், யாராவது வரும் சத்தம் கேட்டால் கம்பை வலது கைக்கு மாற்றிச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பான். இப்படியே பதினான்கு வீடு முடித்துவிட்டான்.

பதினைந்தாவது வீட்டுக்குள் மேஸ்திரி வந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, மூக்கின் மேல் கோபம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். அதைச் சீலிங்கோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பிடித்து ஓரமாக வெளிச்சம் விட்டால், வெறும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழல் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். ஏணியில் ஏறி டார்ச்சை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கினார்.

“யாருடா அடிச்சது இது?”

“நான்தான் மேஸ்திரி.”

“பதினாலு வீட்டையும் பாத்துட்டுத்தான் வரேன். யாரை வச்சு அடிச்சே?”

“சத்தியமா நான்தான்.”

“காதுல பூ சுத்தாதே. உன் ரோலர் எப்பவும் வலது ஓரம் அழுத்தும். கோடு விழுந்தா அந்தப் பக்கம்தான் விழும். இங்க எல்லாக் கோடும் இடது பக்கம் விழுந்திருக்கு. உன் கை எனக்குத் தெரியாதா? நீ கடலுக்குப் போயிட்டு இன்னும் லேட்டா வரதுக்கு எவனையோ உள்ள விட்டுருக்கே.”

மேஸ்திரி கம்பை எடுத்து நீட்டினார்.

“நீதான்னா, அடி பாப்போம்.”

இடது கையால் வாங்கியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ரோஷம், வலது கையால் வாங்கினான். கம்பு மார்பு வரைக்கும் ஏறியது. அதற்குமேல் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. ரோலர் கீழே விழுந்து, பெயிண்ட் தட்டு கவிழ்ந்து, மேஸ்திரியின் பேன்ட் முழங்கால் வரைக்கும் வெள்ளையாயிற்று. அவர் பேன்ட்டைப் பார்க்கவில்லை, அவன் தோளைப் பார்த்தார். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை, டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னான்.

“எவ்வளவு நாளா?”

“மூணு மாசமா.”

“கடலுக்குப் போறியா?”

“போறேன்.”

“எந்தக் கையால?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேஸ்திரி கத்துவார் என்று எதிர்பார்த்தான், அவர் கத்தவில்லை. ஓரத்தில் கிடந்த காலி டப்பாவைத் திருப்பிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன, துரத்தியா விட்டுருப்பேன்? என் வேலைக்கு இடது கை, கடலுக்கு வலது கை. பதினோரு வருஷமா எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டு உன்னைப் பத்து மணிக்கு உள்ள விட்டேனே, அதுக்கு இதுதானாடா?”

அவனுக்கு அப்படியே சுவருக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மேஸ்திரி எழுந்து முடிவைச் சொன்னார். “திங்கக்கிழமை ஏழு மணிக்கு வா. கதவு, ஜன்னல், படிக் கம்பி. கை தோளுக்கு மேல போகக் கூடாது. கடலுக்கும் போகக் கூடாது. சீலிங்கு என் மச்சான் அடிப்பான், பத்து மணிக்கு வரதுன்னா அவன் சரின்னுடுவான். ஆறு மாசம் கழிச்சு உனக்குத் திரும்பக் கிடைக்கும்னெல்லாம் நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இஷ்டம் இல்லேன்னா வராதே. அடுத்த மாசம் உன் பெர்மிட்டுல கையெழுத்தும் கேட்டு வராதே.”

பெர்மிட் இல்லாவிட்டால் இந்த நாட்டிலேயே இருக்க முடியாது. வேலையும் போய், கடலும் போய், மனைவியின் வேலையும் போகும். வழி ஒன்றுதான் என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் அறைக்கு வந்து அதைச் சுவரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். வாய்க்கு வந்தது, மனசுக்கு வரவில்லை.

வேலை முடிந்து வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் ஆச்சரியப்படாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“தோள் போனது எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“சட்டையை எந்தக் கையில முதல்ல போடுறீங்க, எந்தக் கையால தலை வாருறீங்கன்னு பாக்க மாட்டேனா? நான் என்ன குருடியா? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசியில மேஸ்திரிகிட்ட சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு முறை வந்திருக்கு.”

“திங்கக்கிழமையிலேருந்து ஏழு மணி” என்றான். சொல்லும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

“ஞாயித்துக்கிழமை?”

“கடைசியா ஒரு தடவை...”

“டாக்டர்?”

அவன் எதிர் மாடித் துணியைப் பார்த்தான். அவள் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தாள்.

“சரி. நானும் வரேன். அங்க அப்படி என்னதான் வச்சிருக்கீங்கன்னு பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இருவரும் கிளம்பினார்கள். சைக்கிளில் பலகையைத் தொங்கவிட ஒரு பக்கம் கொக்கி உண்டு, அது தொங்கினால் பின்னால் ஆள் உட்கார முடியாது. ஆகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மூடிய கடைகளையும், பெருக்காத பேருந்து நிலையத்தையும், ஒரு பெட்ரோல் பங்கையும் தாண்டி ஐம்பது நிமிஷம். வழியெல்லாம் அவன் அவளைவிட நாலடி முன்னால் போய்விட்டு, நின்று, திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். “ஓடியா போகப்போகுது கடலு?” என்றாள் அவள்.

காற்று சரியான பக்கத்திலிருந்து அடித்தது. அலை இடுப்பு உயரம், ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இதைவிட நல்ல காலை அந்த வருஷத்தில் வந்ததில்லை. அவள் சிமெண்ட் படியில் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பலகையை இறக்கிப் படுத்துக் கையை வீசினான்.

பத்து வீச்சுகூடப் போயிருக்காது, வலது கை தண்ணீருக்குள் போனது மேலே வரவில்லை. இடது கையால் மட்டும் தள்ளினான். ஒரு கையால் தள்ளினால் பலகை நேராகப் போகுமா? வட்டமடித்தது. உள்ளே போகத் தள்ளினால் கரையைப் பார்த்துத் திரும்பியது, நிமிர்த்தித் தள்ளினால் மறுபடியும் திரும்பியது. அலைகள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வட்டம் போட்டான். அப்புறம் உடைந்த அலை ஒன்று வந்து, படுத்த வாக்கிலேயே அவனைத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் உட்கார்ந்திருந்த படிக்குப் பக்கத்தில் மணலில் போட்டுவிட்டுப் போயிற்று.

அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

“இவ்வளவுதானா?”

“எழுந்து நிப்பேன். இன்னிக்கு முடியல.”

“நின்னா?”

“நின்னா ஒரு அஞ்சு செகண்டு, ஆறு செகண்டு சறுக்கிட்டு வருவேன். பெரிய அலைன்னா பத்து.”

“பத்து செகண்டா? அதுக்கா ஒரு தோளைக் குடுத்தீங்க?”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முகம் ஏற்கனவே நனைந்திருந்ததால் மறைக்கும் சிரமம் இல்லை, இருந்தாலும் அவன் மறைக்கவில்லை.

“அந்த அஞ்சு செகண்டுலதான் எனக்கு வேற எங்கயும் போகணும்னு தோணாது. மத்த நேரமெல்லாம் எங்க இருந்தாலும் கிளம்பணும்னுதான் இருக்கும்.”

அவள் கடலைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“என்கூட இருக்கும்போது?”

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம், எந்தப் புருஷனும் விடமாட்டான். இவன் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கிளம்பணும்னு இருக்கும்” என்றான். “போனா உடனே திரும்பி வரணும்னும் இருக்கும்.”

அவள் மணலைத் தட்டிவிட்டுக் குனிந்து பலகையைத் தூக்கப் பார்த்தாள். “என்ன கனம் கனக்குது, சனியன்” என்றாள். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சைக்கிளைப் பார்த்து நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவன் கட்டடத்தில் இருந்தான். மேஸ்திரி நாலாவது மாடியில் கழற்றி இடுப்புயரத்தில் படுக்க வைத்திருந்த பத்துக் கதவுகளைக் காட்டினார். கதவைத் தேய்த்தான், துடைத்தான், பிரஷ்ஷை எடுத்தான். இடுப்பளவு வேலை, தோளுக்குச் சுகம்தான். ஒன்பது மணிக்கெல்லாம் மூன்று கதவு முடிந்துவிட்டது. ஒவ்வொரு கதவையும் முடித்து ஜன்னலுக்குப் போய் வந்தான். அந்த ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. ஒரு துணி இல்லை, ஒரு கொடி இல்லை.

பத்து மணி ஆனதும் அவனால் நிற்க முடியவில்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு வெளியே போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று படி இறங்கினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேஸ்திரியின் மச்சான் எதிரே ஏறி வந்தான். கண்ணெல்லாம் வீங்கி, கன்னத்தில் தலையணைத் துணியின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. வாயைப் பிளந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டான்.

“குட்மார்னிங்ணே. உங்க புண்ணியத்துல இன்னிக்கு நல்ல தூக்கம்.”

“ஒம்பதரை வரைக்குமா?”

“ஆமாண்ணே. ஜன்னலை நல்லா மூடிட்டா பொழுது விடிஞ்சதே தெரியல.”

அவனுக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கைப்பிடிக் கம்பியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டான்.

“வர வழியில காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?”

மச்சான் திரும்பி அவனைப் பார்த்தான். கிண்டல் பண்ணுகிறானா என்று யோசிக்கிற முகம்.

“காத்தா? நான் கவனிக்கலையேண்ணே.”